எட்டு மாதத்தில் மூன்று கிளட்ச் கேபிள்: கியர் விழாத பழைய கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 2003 மாடல், பெட்ரோல் சிறு கார். ஐந்து கியர், முன் சக்கர இழுவை, கேபிளில் இயங்கும் கிளட்ச். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கேபிள் கிளட்சோடு வந்த அந்தக் காலத்துச் சிறு கார் எதிலும் இது நடக்கலாம். ஓட்டம் 1,30,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சத்தியமங்கலம் பக்கத்தில் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது தாளவாடியில். அதனால் மாதம் இரண்டு மூன்று தடவையாவது பண்ணாரி சோதனைச் சாவடியைத் தாண்டித் திம்பம் ஏற வேண்டியிருக்கும். அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் லாரி திரும்ப முடியாமல் நின்றால், பின்னால் வருகிற எல்லா வண்டியும் ஏற்றத்தில் நின்று மறுபடி முதல் கியரில்தான் கிளம்பியாக வேண்டும். சமவெளியில் ஓடுகிற வண்டியில் கிளட்ச் கோளாறு ஒரு தொந்தரவு. இந்தப் பாதையில் அது ஆபத்து.

எங்கள் பட்டறை கோபி - சத்தி சாலையில் இருக்கிறது. நான், ஒரு பையன், பக்கத்து ஷெட்டில் ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவர்.

வண்டி எங்களிடம் வருவதற்கு முன்

வரிசை முக்கியம் என்பதால் வாத்தியார் சொன்னதை அப்படியே வைக்கிறேன். 2023 ஆடியில் கிளட்ச் வழுக்கியது. வேறொரு பட்டறையில் கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினார்கள். கூடவே புதுக் கேபிளும் போட்டார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஐப்பசியில் காலையில் செல்ஃப் சோம்பலாக இழுக்கிறது என்று பேட்டரி மாற்றினார். கார்த்திகையில் பெடல் கனத்து, கியர் விழ மறுத்தது. சத்தியில் ஒருவர் இரண்டாவது கேபிள் போட்டுக் கொடுத்தார். மார்கழிக் கடைசியில் அதே கோளாறு திரும்ப வந்தது. இந்த முறை இன்னொருவர் பாக்ஸ் ஆயிலை மாற்றிவிட்டு, "சிங்க்ரோ போச்சுங்க, பாக்ஸைப் பிரிக்கணும், இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்றிருக்கிறார். சிங்க்ரோ என்பது கியர் விழுவதற்கு முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம்.

அந்த இருபத்திரண்டாயிரம்தான் வாத்தியாரை எங்களிடம் அனுப்பி வைத்தது.

முதல் வருகை: தை

வண்டி வந்தபோது காலை பதினொன்றரை மணி. இருபது கிலோமீட்டர் ஓடி, என்ஜின் நல்ல சூட்டில் இருந்தது. வாத்தியார் இறங்கியதும் சொன்ன முதல் வாக்கியம்: "காலைல ஒரு தினுசுங்க தம்பி, மத்தியானம் ஒரு தினுசு." அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கியர் விழாத வண்டி எது வந்தாலும் முதலில் செய்கிற சோதனை ஒன்று உண்டு. என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்ப்பது. அணைத்த நிலையிலும் கனமாக இருந்தால் கோளாறு ராடு, புஷ், ஆயில் அல்லது பாக்ஸின் உள்ளே. அணைத்தால் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று பொருள். பெடலை மிதித்தாலும் பிளேட் பிரஷர் பிளேட்டிலிருந்து முழுக்கப் பிரியாமல் உரசிக்கொண்டே இருக்கும். பாக்ஸின் உள் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பல்லுக்குள் நிற்கிற பல்லை நுழைக்கப் பார்ப்பதால்தான் அந்தத் தடுப்பு.

இந்த வண்டியில் அணைத்த நிலையில் ஐந்து கியரும் ரிவர்ஸும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தன. ஓடும்போது முதல் கியருக்குத் தோள் பலம் வேண்டியிருந்தது. இந்த மாதிரி வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் கிளட்ச் விடுகிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாட்சி இல்லை. பெடலை மிதித்து ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டேன். ஷாஃப்ட் நின்றிருந்தால் சத்தமில்லாமல் விழ வேண்டும். 'கர்ர்ர்' என்றது.

சிங்க்ரோ தேய்ந்தால் அடையாளம் வேறு. பெரும்பாலும் ஒரே ஒரு கியரில், அதுவும் இரண்டாவதில், வண்டி நகரும்போது கடிக்கும். நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் ஒன்றாக அடம்பிடிக்காது. பாக்ஸைப் பிரிக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு இதுதான் காரணம். அந்த முடிவு சரி.

அடுத்ததாகப் பெடல். காலடியில் ரப்பர் மேட்டின் மேல் தேங்காய்நார் மிதியடி ஒன்றும் கிடந்தது. பெடல் முழுதாகக் கீழே போக அதுவே அரை இஞ்சு தடுத்தது. எடுத்துப் போட்டோம். பெடலில் விளையாட்டு, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்குகிற தூரம், சுத்தமாக இல்லை. இந்த வகைக் கார்களில் 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். யாரோ கேபிள் நட்டைக் கடைசி வரைக்கும் இறுக்கியிருந்தார்கள். கியர் விழாவிட்டால் நட்டை இறுக்குவது எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் விளையாட்டு இல்லாமல் போனால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே தேயும். பையன் பெடலை மிதிக்க, பாக்ஸ் பக்கத்து லீவர் நகர்வதை அளந்தேன். 17 மில்லிமீட்டர். கேபிளைக் கழற்றிக் கையால் இழுத்தால் உள்கம்பி மணலுக்குள் நகர்வதுபோல நறநறத்தது.

கேபிள் போய்விட்டது. புதுக் கேபிள் போட்டேன். லீவர் 25 மில்லிமீட்டர் நகர்ந்தது. விளையாட்டை 20க்கு வைத்தேன். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. மேட்டோடு சேர்த்து அரைமணி நேர வேலை. வாத்தியார் பழைய கேபிளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எது மாற்றினாலும் பழைய சாமானைத் திருப்பிக் கேட்பது அவர் வழக்கம். அதில் ஒரு சந்தேகமும் கலந்திருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இரண்டே மாதத்தில் ஒரு கேபிள் ஏன் போகிறது என்று நான் கேட்கவில்லை. மட்டமான சாமான் போட்டிருப்பார்கள் என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன். செல்ஃப் சோம்பலாக எடுத்த சத்தம் என் காதிலேயே விழுந்தது, அதையும் விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தது: மாசிக் கடைசி

ஐந்து வாரம்தான். இந்த முறை வாத்தியார் முகத்தில் பயம் தெரிந்தது. திம்பம் ஏறும்போது முன்னால் லாரி நின்றுவிட, இவரும் நிறுத்தியிருக்கிறார். கிளம்பும்போது முதல் கியர் விழவில்லை. பிரேக்கை விட்டு விட்டு முயன்றதில் வண்டி இரண்டடி பின்னால் உருண்டிருக்கிறது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தே நிறுத்தினாராம்.

"அப்பறம் எப்படிங்க ஏறுனீங்க?"

"ஆஃப் பண்ணிட்டு, கியரைப் போட்டுட்டு, கிளட்ச மிதிச்சுட்டே ஸ்டார்ட் பண்ணுனேங்க தம்பி. ஒரு குதி குதிச்சுப் போட்டுக் கெளம்பிருச்சு. அதுக்கப்பறம் எங்க நின்னாலும் அப்படித்தான்."

கிளட்சை மிதித்திருந்தும் குதித்தது என்றால் கிளட்ச் விடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் இந்தச் சமாளிப்பில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் செல்ஃப் அடித்திருக்கிறார். அதன் பொருள் மறுநாள்தான் புரிந்தது.

அன்று எதையும் கழற்றவில்லை. வண்டியை ராத்திரி பட்டறையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

காலை ஆறு மணிச் சோதனை

என்ஜின் தொடப்படாமல் ஆறியிருந்தது. அணைத்த நிலையிலேயே கியரைப் போட்டுப் பார்த்தேன். தையில் வெண்ணெயாக விழுந்த அதே கியர்கள் இப்போது களிக்குள் கரண்டி விட்டமாதிரி இழுத்தன. இரண்டாவது, மூன்றாவது இரண்டும் இன்னும் மோசம். ஸ்டார்ட் செய்து பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்தபோது அந்தக் கனம் போயிருந்தது. ஆனால் நிறுத்தி ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்ர்'.

ஆக இரண்டு கோளாறு. ஒன்று குளிரில் வந்து சூட்டில் மறைவது. இன்னொன்று எந்நேரமும் இருப்பது, ஆனால் குளிரில் முதலாவதன் பின்னால் ஒளிந்துகொள்வது. வாத்தியார் முதல் வாக்கியத்திலேயே இதைத்தான் சொல்லியிருந்தார். மார்கழியில் பார்த்தவர் வண்டியைக் காலைக் குளிரில் பார்த்திருக்க வேண்டும். அணைத்த நிலையிலும் கனமாக இருந்ததால் பாக்ஸ் என்று சொல்லியிருக்கிறார். நான் மத்தியானச் சூட்டில் பார்த்தேன். இருவரும் ஆளுக்குப் பாதி பார்த்தோம்.

முதல் கோளாறு சுலபம். பாக்ஸ் ஆயிலை வடித்தோம். வடிக்கிற நட்டுக்கு முன்னால் ஊற்றுகிற நட்டைத் திறக்க வேண்டும் என்பதைப் பையனுக்கு அப்போதுதான் சொன்னேன். எல்லா ஆயிலையும் வடித்துவிட்ட பிறகு மேல் நட்டுத் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஆயில் தேன் மாதிரி மெதுவாக இறங்கியது. மார்கழியில் போட்டது 140 கிரேடு. டிராக்டருக்கும் லாரி ஆக்சிலுக்கும் வாங்குகிற டப்பாவிலிருந்து ஊற்றியிருப்பார்கள். 'சத்தம் வருது, கெட்டி ஆயில் போடு' என்பது நம் பக்கத்தில் பழைய வைத்தியம். இந்த மாதிரி பாக்ஸுக்கு வேண்டியது 75டபிள்யூ-90, ஜி.எல்.4 தரம். சிங்க்ரோ வளையம் கியரை உரசி வேகத்தைச் சமப்படுத்த, நடுவில் இருக்கிற ஆயில் படலம் உடனே விலக வேண்டும். கெட்டி ஆயில் குளிரில் விலகாது. தாளவாடி மேட்டு நிலம். தை மாதக் காலையில் அங்கே இருக்கிற குளிரில் அந்த 140 என்ன பாடு படுத்தியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

வடிக்கிற நட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. துண்டு துணுக்கு இல்லை. ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பார்த்தோம்; பித்தளை மினுமினுப்பும் இல்லை. பித்தளை சிங்க்ரோ வளையம் சிதைந்துகொண்டிருந்தால் அது ஆயிலில் தெரிந்துவிடும். பாக்ஸைத் திறக்காமல் விட இது இரண்டாவது காரணம்.

மேசை மேல் நான்கு கேபிள்

எங்கள் கேபிளைக் கழற்றினேன். ஐந்து வாரக் கேபிள், அதே நறநறப்பு. வாத்தியார் ஒன்பது மணிக்கு வந்ததும் டிக்கியைத் திறந்து ஒரு சாக்குப்பையை எடுத்து நீட்டினார். உள்ளே ஆடியிலிருந்து கழற்றிய கேபிள்கள் அத்தனையும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. அவருடைய சந்தேகத்துக்கு அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

நான்கையும் வரிசையாக மேசையில் கிடத்தி, ஆக்ஸா பிளேடால் ஒரே இடத்தில் அறுத்தோம். இரும்புச் சுருளுக்கும் உள்கம்பிக்கும் நடுவில் ஒரு நைலான் குழாய் இருக்கும். கம்பி வழுக்கி ஓடுவது அதில்தான்.

ஆடியில் கழற்றியது வண்டியோடு வந்த பழைய கேபிளாகத்தான் இருக்க வேண்டும். வெளியே துரு, உள்ளே தேய்மானம், ஆனால் நைலான் முழுசாக இருந்தது. கார்த்திகையில் கழற்றியது: நைலான் உருகி, ஆறிய வெல்லப்பாகுபோல கம்பி இழைகளுக்கு இடையில் ஒட்டியிருந்தது. தையில் கழற்றியதும் அப்படியே. எங்களுடைய ஐந்து வாரக் கேபிளில் பாதி உருகல். வளைவில் சுருளோடு கம்பி அழுந்துகிற இடத்தில் பழுப்பு நிறம்.

கேள்வி மாறிவிட்டது. கேபிள் மட்டமா என்பது போய், ஆடிக்குப் பிறகு இந்தக் கேபிளை எது சுடுகிறது என்பது வந்தது. மூன்றும் வேறு வேறு கம்பெனி. புகைக்குழாய் கேபிளுக்கு எட்டத்தில் இருந்தது. கவசத் தகடும் இடத்தில் இருந்தது. என்ஜின் சூடு காரணம் என்றால் இத்தனை வருடத்தில் பழைய கேபிள் அல்லவா முதலில் உருகியிருக்க வேண்டும்?

பக்கத்து ஷெட் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அவர் நான்கையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. புதுக் கேபிளை மாட்டச் சொன்னார். பையனைக் கேபிளின் பாக்ஸ் பக்கத்து முனையில் இரண்டு விரலை வைக்கச் சொல்லிவிட்டு, என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டதால் என்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்றியது. மூன்றாவது தடவை ஐந்து விநாடி அடித்தபோது பையன் கையை உதறினான்.

"அண்ணா, சுடுதுங்கண்ணா!"

அளந்து பார்த்தது

செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் எடுக்கும். பிளஸ் வயரில் போன அத்தனை கரண்டும் என்ஜின், பாக்ஸ் உடம்பு வழியாகப் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்காகத்தான் பாக்ஸிலிருந்து மைனஸுக்குத் தடித்த எர்த் வயர் ஒன்று. என்ஜினும் பாக்ஸும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு வேறு நல்ல தொடர்பு கிடையாது. தடித்த வயர் போய்விட்டால் கரண்டு கிடைக்கிற இரும்பில் எல்லாம் ஏறிப் பாடி வழியாகத் திரும்பும். பாக்ஸையும் பாடியையும் இணைக்கிற இரும்புகளில் முக்கியமானது கிளட்ச் கேபிள்.

ஆனால் எர்த் வயர் இடத்தில்தான் இருந்தது. போல்ட்டு இறுக்கமாக இருந்தது. மல்டிமீட்டரில் தொடர்பு பார்த்தால் 'பீப்' என்றது. இங்கே ஒரு நிமிடம் நாங்கள் இருவருமே தடுமாறினோம். பிறகு அவர் மீட்டரை வோல்ட்டுக்கு மாற்றி, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைப் பாக்ஸ் உடம்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொன்னார். 2.6 வோல்ட். நல்ல எர்த்தில் இது அரை வோல்ட்டைக்கூடத் தாண்டக் கூடாது.

'பீப்' சத்தத்துக்கு ஒரே ஒரு இழை போதும். நூறு ஆம்பியருக்குப் போதாது. வயரின் ரப்பர் உறையை லக்குப் பக்கத்தில், அதாவது போல்ட் மாட்டுகிற முனை வளையத்துக்குப் பக்கத்தில், கத்தியால் கீறித் திறந்தோம். உள்ளே செம்பு முழுக்கப் பச்சை பூத்துப் பொடியாகியிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு இழைதான் உயிரோடு. ஆடியில் பாக்ஸை இறக்கியபோது வயரைக் கழற்றாமல் தொங்கவிட்டிருக்கலாம், லக்கு கழுத்தில் முறிந்திருக்கலாம். அந்தப் பட்டறையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வெளியே பார்த்தால் அந்த வயரில் ஒரு கீறல் இல்லை; நானாக இருந்தாலும் அதையே திரும்ப மாட்டியிருப்பேன்.

ஐப்பசியில் பேட்டரி மாற்றியது இதற்காகத்தான். செல்ஃபின் சோம்பலுக்குப் பேட்டரி பலியானது. திம்பத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அடித்த செல்ஃப், மிச்சமிருந்த நைலானையும் உருக்கியிருக்கிறது.

செய்த வேலை

பாக்ஸிலிருந்து மைனஸுக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அழுத்தி இறுக்கிய லக்கு. என்ஜினிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு பின்னல் எர்த். போல்ட் உட்காருகிற இடங்களில் பெயின்ட்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். புதுக் கேபிள், 75டபிள்யூ-90 ஆயில், பெடல் விளையாட்டு 20 மில்லிமீட்டர். மறுபடி செல்ஃப் அடித்து அளந்ததில் 0.12 வோல்ட். பையன் இந்த முறை தயங்கித் தயங்கித்தான் விரலை வைத்தான், சுடவில்லை.

எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய் ஆனது. கேபிளுக்கு நான் காசு வாங்கவில்லை. தையில் சரியாகப் பார்த்திருந்தால் அந்தக் கேபிள் தேவைப்பட்டிருக்காது.

பிறகு

பங்குனியில் பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு உறவுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தார். ஆவணியில் ஆயில் மாற்ற வந்தபோது கேபிளின் ஒரு முனையைக் கழற்றிக் கையால் இழுத்துப் பார்த்தேன். வழுவழுவென்று ஓடியது. எர்த் 0.14 வோல்ட். அடுத்த தை மாதமும் தாளவாடியில் காலையில் கியர் கனக்கவில்லை என்றார். நட்டை இறுக்கி ஓட்டிய மாதங்களில் ரிலீஸ் பேரிங் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது. பெடலைத் தொட்டால் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கிறது. அடுத்த கிளட்ச் வேலைவரை தாங்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் பட்டறையில் மாறியவை

கழற்றிய கேபிளைக் குப்பையில் போடுவதற்கு முன் அறுத்துப் பார்க்கிறோம். பாக்ஸ் இறக்குகிற ஒவ்வொரு வண்டிக்கும் வேலை முடிந்ததும் செல்ஃப் அடித்து எர்த்தை வோல்ட்டில் அளக்கிறோம். இரண்டு நிமிட வேலை. கியர் கனக்கிறது என்று வருகிற வண்டியை, முடிந்தால் ஒரு ராத்திரி ஆறவைத்துக் காலையிலும் ஒருமுறை பார்க்கிறோம். வண்டிக்காரர் எல்லாரும் ராத்திரி விட்டுவிட்டுப் போக ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் காலை முதல் ஸ்டார்ட்டில் என்ன நடக்கிறது என்று போனில் வீடியோ எடுத்து வரச் சொல்கிறேன். கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள், அதற்குப் பிறகு புதிதாக என்ன கோளாறு வந்தது என்ற கேள்வியையும் இப்போது விடுவதில்லை, அது கியருக்குச் சம்பந்தமே இல்லாததாக இருந்தாலும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. வேகமாக மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் எப்போதாவது ஒரு சின்னக் கடி. இரண்டாம் கியர் சிங்க்ரோ கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. மார்கழியில் பார்த்தவர் சொன்னதில் அந்த அளவு உண்மை உண்டு. இறக்கும்போது ஒரு நொடி நிதானித்தால் கடிப்பதில்லை. வாத்தியார் அதைப் பழகிக்கொண்டார். பாக்ஸை இன்னும் திறக்கவில்லை.